எங்கள் ஊரில் யாரை அத்தான் என்பார்கள்

சென்னைக்கு வேலைக்குப் போன புதிதில் விடுதியில் என்னோடு தங்கியிருந்த ஒரு பெண், நான் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்ததும் முதலில் அல்வாவைப் பற்றிக் கேட்டாள். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். இரண்டாவது கேள்விக்குத் தயாராக இல்லை. “உங்க ஊர்ல முன்னப்பின்ன தெரியாத ஆளைக்கூட மரியாதைக்கு அத்தான்னு கூப்பிடுவீங்களாமே, ஒரு படத்துல பார்த்தேன்” என்றாள். அவள் எந்தப் படத்தைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். கண்டுபிடிக்க முடியாமல் மூடிவைத்த ஒரு கொலை வழக்கை, பல வருஷம் கழித்து ஒரு போலீஸ் அதிகாரி மறுபடி திறக்கிற கதை. அதில் ஒரு லாரிக்காரர் ஆற்றுக்குள் வைத்து ஓர் இளைஞனின் கழுத்தை நெரிக்கிறார். இளைஞன் அவரைப் பார்த்து, “அத்தான், வேண்டாம் அத்தான்” என்று கெஞ்சுகிறான். படம் நன்றாகவே ஓடியது.

அவளுக்கு ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் துணி மடிக்கப் போய்விட்டேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையவே கிடையாது. பலசரக்குக் கடைக்காரர், பஸ் கண்டக்டர், வழி கேட்கிற முதியவர், எல்லாரும் எங்களுக்கு அண்ணாச்சிதான். அத்தான் என்றால் அக்காள் கணவர், இல்லையென்றால் அத்தை மகன். வேறு யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் வீட்டில் விசாரணை நடக்கும். இல்லாத வழக்கத்தை இருக்கிறது என்று அந்த டைரக்டரிடம் சொல்லி நம்பவைத்தவர் என் அப்பா. அவர் சொன்ன இடத்தில் நானும் இருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

படத்தில் கொல்லப்படுகிறவர் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. ஆழ்வார்குறிச்சியில் தாத்தாவோடு இருந்துகொண்டு அரசாங்க வேலைக்கான தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தார். படித்த நேரம் போக, ஆற்று மணலை அள்ளிக்கொண்டு போகிற லாரிகளுக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்குவார். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை எங்கள் ஊரில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினார். வீட்டுக்கு வந்து சேரவில்லை. மறுநாள் தடுப்பணைக்குக் கீழே நாணல் புதருக்குள் கிடந்தார். எங்கள் ஊர் முக்கூடலுக்கு அடுத்தது. ஆறு எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் ஓடியது. மணல்காரர்கள் செய்த வேலை என்று ஊர் சொன்னது, போலீஸும் அதையே சொன்னது. நாலைந்து டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள், ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். வழக்கு அப்படியே நின்றுபோனது.

அம்மா நிற்கவில்லை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற திங்கட்கிழமை வந்தால் அவள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள். அவளுக்கு நஷ்ட ஈடோ கருணையோ வேண்டியிருக்கவில்லை. கொன்றது யார் என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. அந்த நாலு வருஷத்தில் அவள் பாதியாக இளைத்துப்போனாள். எந்த அதிகாரியைப் பார்த்தாலும் முதலில் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்பாள். மாமாவுக்குப் பார்வை ரொம்ப மோசம். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. உடம்பு கிடைத்தபோது முகத்தில் கண்ணாடி இல்லை, ஆற்றில் தேடியும் கிடைக்கவில்லை. “கண்ணாடி இல்லாம அவன் ஒரு எட்டு நடக்கமாட்டானே சார்” என்று அவள் சொல்லும்போது அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அந்த மனுக்களை அவளுக்கு எழுதிக்கொடுத்தவர் அப்பா. அவர் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். மனு என்றால் மனு மாதிரி இருக்கும், ஒற்றுப்பிழை இருக்காது. அப்பாவுக்குப் பிழை பொறுக்காது என்பது ஊரறிந்த விஷயம். கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போவார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘கோளிக்கடை’ என்று எழுதியிருந்த பலகையை அவரே பெயிண்ட் வாங்கிப்போய்த் திருத்தினார், கடைக்காரர் கேட்காமலே. வகுப்பில் லகரத்தையும் ளகரத்தையும் மாற்றிச் சொல்கிற பையன் விரல் முட்டியில் அடி வாங்குவான். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் அவருக்கு அதுவும் பிழைதான். அம்மா அடிக்கடி நிலைப்படியில் இடித்துக்கொண்டு கன்னம் வீங்கி நிற்பாள். அம்மாவுக்குப் பார்த்து நடக்கத் தெரியாது என்று நான் நம்பி வளர்ந்தேன்.

எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்த மாமா அந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை வந்து அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகப்போவதாக அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமைதான் அவர் வந்து சேரவில்லை. அன்று தனக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு இருந்தது என்று அப்பா சொன்னார். யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை. மச்சினன் பாடையைத் தோளில் சுமந்தவரை, மனு எழுதிக்கொடுத்தவரை, யார் போய் விசாரிப்பார்கள்? அதோடு, மாமா செத்த நாளிலிருந்து நிலைப்படி அம்மாவை இடிப்பது நின்றுபோனது. துக்கம் மனுஷனை மாற்றிவிட்டது என்று அம்மா நினைத்திருக்கிறாள். அதற்காக அவள் அவரிடம் நன்றியோடுகூட இருந்தாள்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது சினிமாக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் பத்திரிகையில் பழைய செய்தி ஒன்றைப் படித்துவிட்டுக் கதை எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அனுமதி கேட்டார். படம் வந்தால் மேலிடத்தில் பேச்சு வரும், வழக்கை மறுபடி எடுப்பார்கள் என்றார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “எந்தம்பி கண்ணாடி போட்டிருப்பான். படத்துலயும் போட்டிருக்கணும்” என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. செத்தவனை வைத்துச் சினிமா எடுக்கிற சவங்கள் என்று திட்டினார். ஆனால் யூனிட் வந்து இறங்கியதும் அவருக்கு வேறு ஒரு தொந்தரவு ஆரம்பமானது. மாமாவாக நடிக்க வந்த பையன் சென்னைக்காரன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு ‘லே’ சேர்த்துவிட்டால் நெல்லைத் தமிழ் வந்துவிடும் என்று நம்பினான். டீக்கடையில் உட்கார்ந்து, “டீ குடுலே, ஸ்ட்ராங்கா இருக்கணும்லே” என்று பழகிக்கொண்டிருந்தவனைக் கடைக்கார அண்ணாச்சி அடிக்கப் போகாதது அவருடைய நல்ல குணம். அப்பாவால் தாங்க முடியவில்லை. நேராக டைரக்டரிடம் போய், “அவன் செய்றான்னு சொல்லுதான். எங்க ஊர்ல செய்யுதான். முதல்ல அதத் திருத்தும்வே” என்றார். டைரக்டர் அவரை உட்காரவைத்து, கூட இருந்து எல்லாரையும் திருத்திக்கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். அப்பா பள்ளிக்கு லீவு போட்டார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. ஒரு மடக்கு நாற்காலி, தலைக்கு மேல் குடை, கையில் ஒரு பிரம்பு மட்டும் குறை.

எனக்கும் பெருமை தாங்கவில்லை. என் வகுப்பில் யாருடைய அப்பாவும் சினிமாவில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு ஆற்றுக்கு ஓடுவேன். பக்கத்துத் தெருப் பெண்கள் பீடித்தட்டை மடியில் வைத்தபடி கரையில் உட்கார்ந்து, கை பாட்டுக்குப் பீடி சுற்ற, கண் ஷூட்டிங்கில் இருக்கும். பேட்டையிலிருந்து பழைய லாரி ஒன்றைக் கொண்டுவந்து ஆற்றுக்குள் நிறுத்தியிருந்தார்கள். கொலைக் காட்சி எடுக்கிற அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

நடிகன் முழங்கால் தண்ணீரில் நின்றான். லாரிக்காரராக நடித்தவர் அவன் கழுத்தைப் பிடித்தார். ஒத்திகை நடந்தது. “டேய், யாருடா நீங்க, விடுங்கடா” என்று அவனுக்கு வசனம். அப்பா நாற்காலியிலிருந்து கையை உயர்த்தினார். ‘டா’ கிடையாது என்றார். அவன், “யாருலே நீங்க, விடுங்கலே” என்றான். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். படித்த பையன், சாகிற நேரத்திலும் மரியாதை தப்பாது, லே என்று வராது என்றார். நடிகன் வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்தான். அதுவும் தப்பு. இன்னொரு மாதிரி. அதுவும் தப்பு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டைரக்டர் பொறுமையிழந்து, “நீங்களே ஒருவாட்டி செஞ்சு காட்டிடுங்க சார்” என்றார்.

அப்பா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நடிகனை நகரச் சொல்லிவிட்டு அவன் நின்ற இடத்தில் நிற்காமல் இரண்டு எட்டு தள்ளி, ஒரு பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தன் கழுத்தில் தானே கையை வைத்துக்கொண்டார். பிறகு பேசினார்.

“அத்தான், வேண்டாம் அத்தான். கண்ணாடி விழுந்துட்டு. எனக்கு ஒண்ணும் தெரியல அத்தான்.”

அது அப்பாவின் குரலே அல்ல. கொஞ்சம் மூக்கால் வருகிற, வார்த்தைக்கு வார்த்தை பைய இறங்குகிற மாமாவின் குரல். எனக்கு அந்தக் குரல் மறந்துபோயிருந்தது என்று நினைத்திருந்தேன். கேட்டதும் ஞாபகம் வந்துவிட்டது. கை தட்டவேண்டும் போல இருந்தது. ஆனால் யாரும் தட்டவில்லை. பீடி சுற்றுகிற கைகள் நின்றிருந்தன.

டைரக்டருக்குக் காட்சி பிடித்துவிட்டது, ஒரு சந்தேகம் மட்டும். லாரிக்காரரைப் போய் இவன் எதற்கு அத்தான் என்கிறான் என்று கேட்டார். அப்பா தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். திரும்பி வந்தபோது மறுபடி வகுப்பெடுக்கிற அப்பாவாக இருந்தார். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் மரியாதைக்கு அத்தான் என்றுதான் கூப்பிடுவோம், அது பொதுச்சொல் என்று சொன்னார். டைரக்டர் கரையைப் பார்த்து, “அப்படிங்களா?” என்று கேட்டார்.

கரையில் முப்பது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஆற்றுச் சத்தமும் ஜெனரேட்டர் சத்தமும்தான் கேட்டன. கடைசியில் டீக்கடை அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே, “சார்வாள் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். டைரக்டர் உதவியாளரிடம் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். நடிகன் அதே வார்த்தைகளை அதே பாறைக்குப் பக்கத்தில் நின்று சொன்னான். கேமரா ஓடியபோது கரையில் பாதிப்பேர் இல்லை. பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெயிலுக்குப் பயந்து போகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு முன்னால் நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா புறவாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வழியில் அவளுக்குத் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனது ஞாபகமிருக்கிறது, காலையிலிருந்து அவளுக்கு மண்டையிடி. அவளை உற்சாகப்படுத்த என்னிடம் ஒரு நல்ல விஷயம் இருந்தது. அம்மா, நான் மாமா மாதிரி பேசிக்காட்டட்டுமா என்று கேட்டுவிட்டு, கழுத்தில் கையை வைத்துக்கொண்டு அந்த வசனத்தை முழுக்கச் சொன்னேன். அப்பா சொன்ன அதே இழுப்போடு சொன்னேன். எனக்கு அது நன்றாக வந்தது.

அம்மா கீரையைப் பார்த்தபடியே, “ஏட்டி, இன்னொருக்கச் சொல்லு” என்றாள்.

மறுபடி சொன்னேன். இந்த முறை கடைசி அத்தானை இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

“இத யாரு சொன்னா? அந்த நடிகன் பையனா?”

“இல்லம்மா, அப்பாதான். அவனுக்கு ஒண்ணுமே சொல்லத் தெரியல. அப்பா தண்ணிக்குள்ள எறங்கிச் சொல்லிக்காட்டுனாவ. பொறவுதான் அவன் சொன்னான்.”

“கண்ணாடி விழுந்துட்டுன்னு அப்பா சொன்னாவளா?”

ஆமாம் என்றேன். டைரக்டர் எழுதின வசனத்தில் கண்ணாடியே இல்லை, அப்பாதான் சேர்த்தார் என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா கீரையை உருவி முடித்தாள். முடித்த காம்பையும் உருவிக்கொண்டே இருந்தாள். விரல் நகத்தோரம் பச்சையாகி, அப்புறம் அதில் ரத்தம் கசிந்தது. நான் பயந்துபோய்ச் சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.

அவளுக்கு என்ன நடந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். மாமா தன் வாழ்நாளில் அத்தான் என்று ஒருவரைத்தான் கூப்பிட்டார். தாத்தாவுக்கு உடன்பிறந்த பெண்கள் கிடையாது, அதனால் அத்தை மகன் என்று யாரும் இல்லை. அம்மாவைத் தவிர வேறு அக்காவும் இல்லை. நாலு வருஷமாக அவள் திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறிப்போய்த் தேடிய ஆள், அவளுக்கு மனு எழுதிக்கொடுத்துவிட்டு அவள் வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்று மத்தியானமும் அவருக்கு அவள் சோறு போட்டாள். கீரை நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார்.

மறுநாள் காலை அவர் ஆற்றுக்குப் போன பிறகு, பாப்பாக்குடி வழியாகப் போகிற பஸ்ஸில் என்னை ஏற்றி ஆழ்வார்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஷூட்டிங் பார்க்க முடியாதே என்று நான் அழுதேன். தாத்தாவிடம் என்ன சொன்னாளோ, அவர் வாசல் கதவைத் தாழ்போட்டார். பகலில் அந்த வீட்டுக் கதவை அடைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அம்மா பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு போலீஸ் அதிகாரியைப் பார்த்தாள். அந்த அம்மாள் புதிதாக வந்தவர், படம் எடுக்கிற செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் முழுக்கக் கேட்டார் என்று அம்மா தாத்தாவிடம் சொன்னாள். எங்கள் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்தார். ஜெனரேட்டர் சத்தத்தில் சார்வாள் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை என்று கரையில் இருந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் அப்பாவிடம் படித்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டரோ, அத்தான் என்பது அந்த ஊர் வழக்கு, சார் விளக்கமாகச் சொன்னாரே என்று சொல்லிவிட்டார். கண்ணாடி விஷயம் அம்மா நிபந்தனை வைத்ததால் வந்தது என்று நினைத்தார். ஒத்திகை என்பதால் எதுவும் பதிவாகவில்லை. மிச்சம் நான் ஒருத்திதான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம், தெருமுனைக் கடைக்குச் சீனி வாங்கப் போயிருந்தேன். அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். எனக்குக் கலர் வாங்கித் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்து, வீட்டில் போய் அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று சொல்லிக்காட்டச் சொன்னார். சொன்னேன். செய்யுள் ஒப்பிக்கும்போது கேட்பது போலக் கண்ணை மூடிக் கேட்டார்.

“எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு சொல் மட்டும் பிழை” என்றார். “அப்பா அத்தான்னா சொன்னேன்? அண்ணாச்சின்னுல்லா சொன்னேன். உனக்குத் தண்ணிச் சத்தத்துல சரியாக் கேக்கல. எங்க, திருத்திச் சொல்லு பாப்போம்.”

அண்ணாச்சி, வேண்டாம் அண்ணாச்சி என்று சொன்னேன். கண்ணாடி என்ற சொல்லும் வேண்டாம், அது தேவையில்லாத சொல் என்றார். அதையும் எடுத்துவிட்டுச் சொன்னேன். தலையைத் தடவிக்கொடுத்தார். போலீஸில் கேட்டால் பிழையில்லாமல் சொல்லவேண்டும் என்றார். அவர் அடிக்காமல் கோபப்படாமல் ஒரு பிழையைத் திருத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அன்று ரொம்பச் சந்தோஷம். சீனியை வாங்கிக்கொண்டு குதித்துக்கொண்டே வந்தேன். அப்பாவைப் பார்த்ததை மட்டும் சொல்லவேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால் சொல்லவில்லை.

அதிகாரி எங்களை வரச்சொன்ன அன்று அம்மா எனக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டாள். அந்த அலுவலக வராந்தாவில் அப்பாவும் வெள்ளைச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். உள்ளே போனதும் அதிகாரி அம்மாவிடம் கொஞ்ச நேரம் பேசினார். வேறு சாட்சி இல்லை, எல்லாம் இந்தப் பிள்ளை சொல்வதை வைத்துத்தான் என்றார். கோர்ட்டிலும் வந்து சொல்லவேண்டியிருக்கும், அப்பாவும் எதிரே இருப்பார், அவருடைய வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்பார் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கொன்றவன் தண்டனை அடைவதைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று தாத்தாவிடம் முதல் நாள் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். பிறகு அதிகாரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அப்பா ஆற்றுக்குள் நின்று என்ன சொன்னார், பயப்படாமல் சொல்லு என்றார்.

பயமெல்லாம் எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி எழுந்து கையைக் கட்டி நின்றேன். தொடங்குவதற்கு முன்னால் ஒரு சந்தேகம் வந்தது. நல்ல மாணவி என்றால் சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் சொல்லவேண்டும்.

“அம்மா, உங்கிட்டச் சொன்னதச் சொல்லவா? அப்பா திருத்திக்குடுத்தாவல்ல, அதச் சொல்லவா?”

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்பா திருத்துனாங்களா? எப்ப? எங்க வெச்சு?” என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, நான் ஏதோ நன்றாகச் செய்துவிட்டேன் என்று புரிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா எழுந்து என் வாயைப் பொத்தினாள்.

“எம்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது மேடம்.”

அதிகாரிக்கு அவள் சொன்னது விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, இப்போது எழுந்து போனால் இந்த வழக்கு இதோடு முடிந்தது, பிறகு யாராலும் திறக்க முடியாது என்று சொன்னார். உங்கள் தம்பிக்காகவாவது யோசியுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அம்மாவின் கை என் வாயிலிருந்து விலகவில்லை.

“எந்தம்பி செத்துப்போயிட்டான்” என்றாள் அம்மா. “இவ இருக்கா.”

வெளியே வந்தபோது அப்பா எழுந்து நின்றார். அம்மா அவரைப் பார்க்காமல் நடந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை, மனு கொடுக்கவும் போகவில்லை. ஆழ்வார்குறிச்சியிலேயே ஒரு விடுதியில் சமையல் பார்த்து என்னை வளர்த்தாள். படம் வந்தது. படத்தில் போலீஸ் அதிகாரி லாரிக்காரரைக் கண்டுபிடித்து விலங்கு மாட்டினார், தியேட்டரில் விசில் அடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று இன்னும் அதே ஊரில் இருக்கிறார், கல்யாணப் பத்திரிகைகள் இன்னும் அவரிடம்தான் வருகின்றனவாம். நாங்கள் அவரைப் பார்ப்பதில்லை. அன்று அந்த அறையில் அம்மா கையை எடுத்திருந்தால் என் வாயிலிருந்து எந்தச் சொல் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், ஒரு சொல்லால் அப்பாவைத் தூக்குக்கு அனுப்பியவளாகவோ, மாமாவை இரண்டாம் முறை கொன்றவளாகவோ நான் வளர்ந்திருப்பேன். அம்மா என் கேள்வியைக் கேட்ட நிமிஷத்தில் அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தம்பியைவிட வேண்டியது இந்த உலகத்தில் ஒன்றுதான் இருந்தது, அது நான்.

இதில் ஒன்றும் எனக்கு அன்று தெரியாது. நான் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று பயந்து, புதிதாகப் பார்த்த ஒரு மேடத்துக்கு முன்னால் அம்மா என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் அவள் என்னை மடியில் இழுத்து உட்காரவைக்கப் பார்த்தாள். நான் திமிறிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதாள். தப்புச் செய்தவள் அழட்டும் என்று நினைத்துக்கொண்டு, ஆழ்வார்குறிச்சி வந்து சேரும்வரை நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.